மூஞ்சூறும் எலியும்: இலங்கையின் சிறு முலையூட்டிகளை இனம்பிரித்தறிந்த வரலாறு

அடுப்படியோரம் சுவரை அணைந்து ஓடும் மூஞ்சூற்றை எலியின் ஒரு வகையென்றே நம்மவருட் பலர் கருதுவர். விநாயகரின் ஊர்தியைச் சிலர் மூஞ்சூறு என்பர். சிலர் பெருச்சாளி என்பர். சிற்பியரோ இரண்டையும் ஒன்றாக்கி, நீண்ட மூஞ்சியும் பருத்த உடலும் உடைய ஓர் உருவைச் செதுக்கிவிடுவர். விலங்கியலார் கணக்கில் இவை நெருங்கிய உறவினவல்ல. எலி கொறிக்கும் வரிசையைச் சார்ந்தது. மூஞ்சூறு பூச்சிகளையும் புழுக்களையும் வேட்டையாடி உண்ணும் பிறிதொரு வரிசையினது. முள்ளெலியே அதற்கு உறவு. எலியின் வாயில் வாழ்நாள் முழுதும் வளரும் உளிப்பற்கள் உள்ளன; மூஞ்சூற்றின் வாயிலுள்ளவை வரிசையான கூர்ப்பற்கள். வாயைத் திறந்து பார்த்தால் ஐயத்துக்கு இடமில்லை.

இவ்வளவு தூரம் விலகிய இரண்டையே கண்ணால் மட்டும் நோக்குவோர் ஒன்றெனக் கொள்வராயின், ஒரே சாதியுள் அடங்கும் இரு மூஞ்சூறுகளையோ இரு எலிகளையோ வேறுபடுத்தல் எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்தால் ஒன்று, பருமனால் ஒன்று, வாழிடத்தாலும் ஏறக்குறைய ஒன்று. எனினும் இனத்தால் இரண்டு. இத்தகைய இனங்களைப் பிரித்தறிய மனிதர் கையாண்ட வழிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும் பகுதிகள் சில இலங்கையின் மலைகளிலும் களஞ்சியங்களிலும் நிகழ்ந்தவை.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வரலாறு எட்வேட் பிரெடெரிக் கெலாட் என்பாரிலிருந்து தொடங்குகின்றது. 1819இல் இத்தீவிற் பிறந்த இவர் எடின்பரோவில் மருத்துவம் பயின்று, பிரித்தானியப் படையின் மருத்துவராகப் பணியாற்றியவர். ஜிப்ரோல்ற்றரில் இருந்த காலத்தில் அவ்விடத்துத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலை எழுதினார். இலங்கைக்கு மீண்டபின் விலங்குகளின்பாற் கவனஞ் செலுத்தி 1852இல் ‘புரோடுறோமுஸ் போனே சைலானிக்கே’ என்னும் நூலை வெளியிட்டார். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பியை ஆராய்ந்தவரும் இவரே. 1850இல் இவர் பெயரிட்டு விவரித்தவற்றுள் மலைநாட்டின் கருமூஞ்சூறும், நீண்ட நகங்களையுடைய வேறொரு மூஞ்சூறும், ‘கண்டியானுஸ்’ என்ற பெயர் பெற்ற ஓர் எலியும் அடங்கும். கருமூஞ்சூற்றுக்கு ‘மொன்ரானுஸ்’, அதாவது மலைக்குரியது, என்று பெயர் சூட்டினார்.

கெலாட்டிடம் இருந்த கருவிகள் மிகச் சிலவே. தலையும் உடலும் சேர்ந்த நீளம், வாலின் நீளம், பின்பாதத்தின் நீளம், செவியின் உயரம், மயிரின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதே அக்கால வழக்கு. லின்னேயசு 1758இல் கறுப்பெலிக்கும் 1766இல் வீட்டு மூஞ்சூற்றுக்கும் பெயரிட்டபோது எழுதிய விவரணங்கள் இவற்றினும் சுருக்கமானவை. ஒரு நூற்றாண்டுக்குள் அளவுகள் பெருகின. ஆயினும் முறை மாறவில்லை. ஒரு விலங்கின் தோலைப் பஞ்சடைத்து, மண்டையோட்டைச் சுத்தஞ்செய்து, சீட்டொன்றைக் கட்டி நூதனசாலைக்கு அனுப்பியபின், அங்குள்ளோர் அதனை மற்றொன்றுடன் ஒப்பிட்டு வேறெனக் கண்டால் புதுப்பெயர் இடுவர். பெரும்பாலும் அந்த நூதனசாலை இலண்டனிலேயே இருந்தது. மலைநாட்டிற் பிடிபட்ட மூஞ்சூறு எதுவென்பதைத் தேம்ஸ் நதிக்கரையிற் சென்று கேட்க வேண்டியிருந்தமை அக்கால அறிவியலின் அரசியலையும் காட்டுகின்றது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911 முதல் 1923 வரை நடத்திய முலையூட்டி அளவீடு இப்பணிக்குப் புதுவேகம் கொடுத்தது. இலங்கையிலும் மாதிரிகள் திரட்டப்பட்டன. அவற்றைக் கொண்டே ரோட்டன் என்பார் 1915இல் மலைநாட்டுக் கறுப்பெலிக்குக் ‘கெலாட்டி’ என்ற துணையினப் பெயரை இட்டார். கெலாட் எலிக்குப் பெயரிட்டார். எலி கெலாட்டின் பெயரைப் பெற்றது.

இதே காலத்தில் எலிகளைப் பற்றிய அறிவு ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கன்று என்பதைக் கொழும்பு நகரம் கொடுமையான முறையில் உணர்ந்தது. 1914இன் தொடக்கத்தில் பிளேக் நோய் கொழும்பில் தோன்றியது. எலியின் மேல் வாழும் தெள்ளுகளே அந்நோயைப் பரப்புகின்றன என்பது அப்போது அறியப்பட்டிருந்தது. கொழும்பு நகரின் நுண்ணுயிரியலாளரான ஃபேபியன் ஹேஸ்ற் ஒரு வினாவை எழுப்பினார்: எல்லாத் தெள்ளுகளும் ஒன்றா? கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் எலித்தெள்ளுகளுள் ‘சியோப்பிஸ்’, ‘அஸ்ரியா’ என இரண்டு இனங்கள் உள்ளன. இரண்டுக்கும் பெயரிட்டவர் ரொத்சைல்ட்; ஒன்றுக்கு 1903இலும் மற்றதற்கு 1911இலும் பெயரிட்டார். இவற்றுள் ‘அஸ்ரியா’ நோயைக் கடத்துவதிற் பெரிதும் பின்தங்கியது என ஹேஸ்ற் நிறுவினார். சென்னை நகரில் பிளேக் பெருகாமைக்கும் அங்கு இவ்வினமே மிகுந்திருந்தமை காரணமாகக் கூறப்பட்டது. நுணுக்குக்காட்டியின் கீழ் மட்டுமே புலப்படும் ஒரு வேறுபாடு ஒரு நகரத்தாரின் உயிரோடு தொடர்புற்றிருந்தது. ஹேஸ்ற் தம் நீண்ட ஆராய்ச்சியை 1953இல் ‘பிளேக்கின் வெற்றி’ என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். தெள்ளு முலையூட்டியன்று, எனினும் இனம்பிரித்தல் எதற்காக என்று கேட்போர்க்கு இதனினும் தெளிவான விடை இல்லை.

மூஞ்சூறுகளின் வரலாற்றில் அடுத்து நிற்பவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ். தேயிலைத் தோட்டத்துரையான இவர் தோட்டங்களையும் அவற்றையடுத்த காடுகளையும் இடமாகக் கொண்டு பல்லாண்டுகள் விலங்குகளைத் திரட்டினார். 1928இல் கித்துல்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ‘சைலானிக்குஸ்’ என்னும் காட்டு மூஞ்சூற்றையும், 1929இல் ‘குரோசிடூரா மியா’ என்னும் நீள்வால் மூஞ்சூற்றையும், 1932இல் ஓஹியப் பகுதியிலிருந்து மிகச் சிறிய கருமூஞ்சூறொன்றையும் விவரித்தார். இவற்றுக்கு முன்பே 1924இல் இலண்டனிலிருந்த ஒல்ட்ஃபீல்ட் தோமஸ் ஹக்கலையிலிருந்து கிடைத்த நீள்நகமுடைய மூஞ்சூற்றுக்குச் ‘சொலிசொறெக்ஸ் பியர்சனி’ என்று, அக்காலக் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளரான யோசப் பியர்சனின் பெயரை இட்டிருந்தார். பிலிப்ஸின் பெருநூலான இலங்கை முலையூட்டிகளின் கைந்நூல் 1935இல் வெளிவந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு இத்துறையில் எழுதியோர் அனைவரும் அதன்மேல் நின்றே எழுதினர்.

பிலிப்ஸ் இட்ட ‘மியா’ என்னும் பெயர் ஒரு சிறு செய்தியைச் சொல்கிறது. அது எலியைக் குறிக்கும் சிங்களச் சொல். தமிழர் போலவே சிங்கள மக்களும் மூஞ்சூற்றை எலியினத்தோடு சேர்த்தே பேசினர். அதனை ‘ஹிக் மியா’ என்றனர். அறிவியல் வகுத்த எல்லையை மக்கள் வழக்கு ஏற்கவில்லை. அறிவியலோ மக்கள் வழக்கிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது.

பிலிப்ஸ் காலத்து முறையில் நன்மையும் இருந்தது. பல்லும் மண்டையோடும் எளிதில் மாறுவனவல்ல. எடுத்துக்காட்டாக, வீட்டு மூஞ்சூறு அடங்கும் ‘சுங்குஸ்’ சாதிக்கு மொத்தம் 30 பற்கள். ‘குரோசிடூரா’ சாதிக்கு 28. மேற்றாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்னதற்கு நான்கு ஒற்றைக்கூர்ப் பற்களும் பின்னதற்கு மூன்றும் உள்ளன. கைவில்லை ஒன்றிருந்தால் மாணவனும் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் சாதிக்குள்ளே இறங்கி இனத்துக்கு இனம் வேறுபாடு காண முற்படும்போது பற்களின் எண்ணிக்கை உதவுவதில்லை. அங்கு மில்லிமீற்றர்களே பேசுகின்றன. மில்லிமீற்றர்களோ நம்பத்தக்க சாட்சிகளல்ல. இளம் விலங்கின் அளவு வேறு, முதிர்ந்ததன் அளவு வேறு. ஆண் வேறு, பெண் வேறு. வயல்களை அகழும் சிறிய அகழான் வகையின் முதிர்ந்த ஒன்றும், பெரிய வகையின் குட்டியும் அருகருகே கிடப்பின் அளவுகோல் மட்டுமே கொண்டவர் தடுமாறுவர். உலர்ந்த தோலிலே செவியும் வாலும் சுருங்கிவிடும். ஒருவர் அளந்தது மற்றொருவர் அளவோடு பொருந்தாது.

இதனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் காற்று எதிர்த்திசையில் வீசலாயிற்று. முன்னோர் பிரித்தவற்றைப் பின்னோர் சேர்த்தனர். கெலாட்டின் மலைமூஞ்சூறு வீட்டு மூஞ்சூற்றின் மலைநாட்டு வடிவமாகப் பட்டியல்களிற் சுருங்கியது. முன்பு ஒரு தோலைக் கண்டே புதுப்பெயர் இட்ட அவசரம் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இந்தச் சேர்ப்பிலும் இருந்தது எனலாம். பிரித்தவர்கள் குறைந்தபட்சம் விலங்குகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள். சேர்த்தவருட் பலர் பட்டியல்களையும் தோல்களையுமே பார்த்தனர். பிலிப்ஸ் 1929இல் ‘றற்றுஸ்’ சாதியில் வைத்து விவரித்த ஓஹிய எலியை மீளநோக்கிய மசர் என்பார் 1981இல் அது அச்சாதியினதே அன்று என்று காட்டி, ‘சிறிலங்காமிஸ்’ எனப் புதுச்சாதியையே அமைத்தார். பல்லையும் மண்டையோட்டையும் பொறுமையுடன் நோக்கினால் எதுவரை செல்லலாம் என்பதற்கு அது சான்று.

அளவையின் குறை அளவையில் இல்லை, ஒவ்வோர் அளவையும் தனித்தனியே நோக்கியதில் இருந்தது என்பதைக் கணிதம் காட்டியது. 1936ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தில் றொனால்ட் ஃபிஷர், பல அளவுகளை ஒருங்கே கொண்டு இரு கூட்டங்களைப் பிரிக்கும் சார்பொன்றை வெளியிட்டார். அதே ஆண்டிற் கல்கத்தாவில் மஹாலனோபிஸ் இரு கூட்டங்களுக்கிடையேயான ‘தூரத்தை’ அளக்கும் முறையை வெளியிட்டார். மஹாலனோபிஸ் அம்முறைக்கு வந்தது எலிகளை அளந்தன்று. கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராயப் புகுந்தே அவர் இவ்வழியில் இறங்கினார். மனிதரைக் கூறுபோட எடுத்த அளவுகோல் மனிதரைப் பற்றிச் சொன்னது சொற்பம். மூஞ்சூற்று மண்டையோடுகளுக்கு அது பெரும்பயன் தந்தது. தாடையின் நீளமும் மூளையறையின் அகலமும் தனித்தனியே இரு இனங்களில் ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கும். இரண்டன் விகிதத்தையும் வேறு பத்து அளவுகளோடு சேர்த்து நோக்கினால் கூட்டங்கள் இரண்டும் விலகி நிற்கும்.

பரம்பரையியலின் சாட்சி முதன்முதல் நிறமூர்த்தங்களின் வழி வந்தது. இப்பகுதியில் இலங்கைக்கு எதிர்பாராத முதன்மை கிடைத்தது. யப்பானின் மிஷிமா நகரிலுள்ள தேசியப் பரம்பரையியல் நிறுவனத்தைச் சார்ந்த யொஷிதா என்பாரும் அவர்தம் குழுவினரும் பல நாடுகளிலிருந்து கறுப்பெலிகளைத் திரட்டி அவற்றின் நிறமூர்த்தங்களை எண்ணினர். கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ளவற்றுக்கு 42. இந்தியாவிலும், அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என உலகெங்கும் பரவியவற்றிலும் 38. இதனைச் சமுத்திர வகை என்றனர். இலங்கை எலிகளை எண்ணியபோது கிடைத்த தொகை 40. இது இரண்டிலும் சேராதது. ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்டது. 1970களில் வெளிவந்த இம்முடிவுகளை யொஷிதா 1980இல் ஒரு நூலாகத் தொகுத்தார். இத்தீவின் எலிக்கு அவர் இட்ட பெயர் ‘சிலோன் வகை’ என்பதாகும்.

இத்தொகைகள் எவ்வாறு உண்டாயின என்பது சுவையானது. ஒரு முனையில் மட்டும் பிணைப்புள்ள இரு நிறமூர்த்தங்கள் தம்முள் ஒட்டி ஒன்றாகலாம். பரம்பரைச் செய்தி ஏறக்குறைய அனைத்தும் அப்படியே இருக்கும். எண்ணிக்கை மட்டும் குறையும். ஒரு சோடி மற்றொரு சோடியுடன் இவ்வாறு இணைந்தால் 42 என்பது 40 ஆகும். இரண்டாம் இணைவு நிகழ்ந்தால் 38 ஆகும். எனவே 40 நிறமூர்த்தங்களையுடைய இலங்கை எலி, ஆசிய வகையிலிருந்து சமுத்திர வகைக்குச் செல்லும் பாதையில் நின்றுவிட்ட ஒரு படியாகத் தோற்றமளித்தது. ஆசிய வகையையும் சமுத்திர வகையையும் கூண்டில் இணைத்தபோது குட்டிகள் பிறந்தன. ஆயினும் அக்குட்டிகளின் இனவிருத்தியாற்றல் பெரிதும் குன்றியிருந்தது. தோலையும் வாலையும் பார்த்து ஒன்றென்று கொள்ளப்பட்டவை உட்கருவிற் பிரிந்திருந்தன. யப்பானிய எலிக்குத் தெம்மிங்க் 1844இல் இட்டிருந்த ‘தனெசுமி’ என்ற பெயர் நெடுங்காலம் துணைப்பெயர்களுள் உறங்கிக் கிடந்தது; 42 நிறமூர்த்தங்களையுடைய எலிக்குரிய தனியினப் பெயராக 1993இன் உலகப் பட்டியலில் அது எழுந்தது.

நிறமூர்த்த எண்ணிக்கையே இனத்துக்கு இலக்கணம் என்று இதனால் துணிந்துவிடலாகாது. நமது வீட்டு மூஞ்சூறே அதற்குத் தடை. ஆசியாவின் பெரும்பாகத்தில் அதற்கு நிறமூர்த்தங்கள் 40. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் 30, 32 என்ற அளவுக்குக் குறைந்துள்ளன. எலியில் நான்கு கூடிக்குறைந்தமை இனத்தைப் பிளந்தது; மூஞ்சூற்றில் எட்டும் பத்தும் குறைந்தும் பெயர் ஒன்றாகவே நிலைத்தது. எண்ணிக்கையன்று, கலந்து பிறப்பவை வளமுடன் பெருகுகின்றனவா என்பதே உண்மையான வினா. காட்டில் அவ்வினாவுக்கு விடை காண்டல் எளிதன்று.

1980களில் டீ.என்.ஏ.யைப் பெருக்கும் தாக்கம் கண்டறியப்பட்டபின் நிலைமை வெகுவாக மாறியது. 1984இல் நூதனசாலையிற் கிடந்த அழிந்துபட்ட குவாகாவின் தோலிலிருந்து டீ.என்.ஏ. பெறப்பட்டமை, பழைய தோல்களும் பேசும் என்பதை உணர்த்தியது. முலையூட்டிகளை ஒப்பிடுவதற்கு இழைமணியிலுள்ள சைற்றோகுறோம் பீ என்னும் பரம்பரையலகு பெரிதும் விரும்பப்பட்டது. 1140 எழுத்துக்களைக் கொண்ட இது நெருங்கிய இனங்களைப் பிரிக்கப் போதிய அளவு விரைவாக மாறுகின்றது.

இலங்கையில் இம்முறையின் பயன் 2007இல் வெளிப்பட்டது. சுயாமா மீகஸ்கும்புரவும் அவரோடிணைந்த ஆய்வாளரும் தென்மேற்கின் சிங்கராஜ மழைக்காட்டுப் பகுதியிலிருந்து ஒரு மூஞ்சூற்றைப் புதிய இனமாக விவரித்தனர். மேலோட்டமாக நோக்குவோர்க்கு அது பிலிப்ஸின் ‘மியா’வே. உடலளவும் மண்டையோட்டளவும் ஒருபுறமும், சைற்றோகுறோம் பீயின் எழுத்து வரிசை மறுபுறமுமாக இரு சாட்சிகளும் அது ‘மியா’வின் உடன்பிறப்பான வேறினம் என்றே கூறின. மக்கள் வழங்கிய பெயரையே ஒட்டி ‘குரோசிடூரா ஹிக்மியா’ என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டில் மீகஸ்கும்புரவும் கிறிஸ்தோபர் ஷ்னைடரும் கெலாட்டின் மலைமூஞ்சூற்றை மீளவும் ஆராய்ந்தனர். நுவரெலியா மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் ஒரே இனம் வாழ்கிறது என்ற எண்ணம் அதுவரை நிலவியது. அவை இரண்டெனக் கண்டு, இந்திய இனத்துக்கு ஹோஸ்ஃபீல்ட் 1851இல் இட்ட ‘நைகர்’ என்ற பெயரை அவர்கள் மீட்டுக் கொடுத்தனர். ‘மொன்ரானுஸ்’ இலங்கைக்கு மட்டுமே உரியதாயிற்று. கடல் மட்டம் தாழ்ந்த காலங்களிற் பாக்கு நீரிணை தரையாயிருந்தது உண்மையே. ஆயினும் ஈரக்காடுகளில் வாழ்பவை அவ்வறண்ட தரையைக் கடந்தது குறைவு. தவளை, நண்டு, பாம்பு முதலியவற்றில் 2004இல் காட்டப்பெற்ற இவ்வுண்மைக்கு மூஞ்சூறும் ஒரு சான்றாகின்றது.

எழுத்து வரிசையைக் கண்டபின் வேணியர் இடுக்கிமானியைப் பெட்டியில் பூட்டிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் தென்கிழக்காசிய எலிகளின் கதையை அறிதல் நன்று. 2011இல் அப்லினும் பிறரும் கறுப்பெலிக் கூட்டத்தில் ஆறு இழைமணி மரபுவழிகளைப் பிரித்துக் காட்டினர். எலி மனிதர் வீட்டுக்குள் புகுந்தது ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று என்பது அதனால் விளங்கிற்று. ஆனால் 2013இல் அவற்றுள் இரண்டு மரபுவழிகளின் உட்கருப் பரம்பரையலகுகளைச் சோதித்தபோது இரண்டும் பிரித்தறிய முடியாதவாறு கலந்திருந்தன. இழைமணி தாய்வழி மட்டுமே வருவது. எங்கோ நிகழ்ந்த கலப்பில் ஒரு கூட்டத்தின் தாய்வழி மற்றக் கூட்டத்துள் புகுந்துவிட்டால், இழைமணி இரண்டென்று சொல்லும். உடலும் உட்கருவும் ஒன்றென்று சொல்லும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதினால் பிலிப்ஸ் காலத்து அவசரமே வேறு வேடத்தில் வந்துவிடும். ஹிக்மியாவை விவரித்தவர்கள் அளவையையும் எழுத்து வரிசையையும் ஒருங்கே முன்வைத்தமை இக்காரணத்தாற் பாராட்டுக்குரியது.

பெயர் மாறும்போது ஏட்டில் மட்டும் மாற்றம் நிகழ்வதில்லை. மலைமூஞ்சூறு தென்னிந்தியா வரை பரந்த இனமாகக் கருதப்பட்ட நாளில் நுவரெலியாக் காடொன்று அழிந்தால் அதன் ஒரு பகுதியே அழிந்ததாகும்; இப்போது அவ்வினத்துக்கு வேறு புகலிடமில்லை. சிங்கராஜத்தின் ஹிக்மியா விவரிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள் அழிவாபத்துக்குட்பட்ட இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. பெயர் பெறாதிருந்தால் அப்பட்டியலில் அதற்கு வரியே இருந்திராது.

எலிகளின் பக்கம் வினா வேறு. 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் எனச் சந்தேகிக்கப்பட்டோர் ஏழாயிரத்துக்கு மேல் பதிவாயினர். அவர்களுள் வயலில் இறங்குவோர் பெருந்தொகையினர். நோயின் கிருமியைச் சுமக்கும் விலங்கு எது, வயலெலியா வீட்டெலியா அகழானா என்று அறிய வேண்டுமெனின் பொறியில் விழுந்ததன் பெயரைப் பிழையின்றிச் சொல்லத் தெரிய வேண்டும். அவற்றுள் முதன்மையான கறுப்பெலிக்கே கணக்கு முடியவில்லை. தன் அண்டைநாட்டு உறவினின்றும் நிறமூர்த்தத் தொகையால் வேறுபட்ட இலங்கை எலிக்கு, கெலாட் 1850இல் இட்ட ‘கண்டியானுஸ்’ என்னும் பெயர் இன்னும் துணையினப் பெயராகவே வழங்குகின்றது.